குளோன் எஸ்.எஸ்.டி.யிலிருந்து மடிக்கணினி எழாமை: நீலகிரியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் பெருமூச்சோடு எழுப்பப்படும் வினா ஒன்று, அறிஞர் உலகின் கவனத்தை இன்னும் உரியவாறு பெறவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தவை அனைத்தும் எழுத்துப் பிசகாமல் புதிய எஸ்.எஸ்.டி.க்கு வந்துசேர்ந்த பின்னும், மடிக்கணினி அதிலிருந்து எழ மறுப்பது ஏன் என்பதே அவ்வினா. எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டு இன்றிச் சில்லுகளிலேயே தரவைத் தாங்கும் சேமிப்பகம். குளோன் என்பது ஒரு சேமிப்பகத்தை அதன் பிரிவுகளோடும் மறைவுப் பகுதிகளோடும் அப்படியே மற்றொன்றில் படியெடுத்தல். பூட் என்பது, மின்சாரம் பெற்ற கணினி தன் இயங்குதளத்தைத் தேடிக் கண்டு அதனிடம் பொறுப்பை ஒப்படைத்தல்.

குளோன் இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. 1893இல் தோன்றி, இன்று குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்னும் தோட்ட அதிபர்கள் சங்கத்தின் பெயர் தாங்கிய உபாசி-9 முதலான தேயிலைக் குளோன்கள் இச்சரிவுகளில் பரவலாக நிற்கின்றன. தாய்ச்செடியின் ஒற்றை இலையோடு சிறு தண்டை நறுக்கி, மண் நிரப்பிய பாலிதீன் பையில் ஊன்றி, நிழலில் வேர்பிடிக்க விட்டால், அது எந்த டிவிஷனில் நடப்பட்டாலும் தாயின் குணத்தோடு கொழுந்துவிடும். கணினிக் குளோனோ முழுமையாக இருந்தும், நட்ட இடத்தில் தன் அடையாளம் பதிவாகாத வரை துளிர்ப்பதில்லை. இவ்வேறுபாட்டை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வகைப்பாடு

வழிநூல் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படும் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்திருப்பது, குளோனுக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கின் காலியிடத்தைச் சுருக்கி 512 ஜிபி எஸ்.எஸ்.டி.யில் அடக்குதல் தொகுத்தல், சிறியதைப் பெரியதில் ஏற்றி, எஞ்சிய இடத்தையும் சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளுதல் விரித்தல், டி டிரைவைச் சுருக்கிச் சி டிரைவை நீட்டுதல் தொகைவிரி, எம்.பி.ஆர். என்னும் பழைய அட்டவணை முறையை ஜி.பி.டி. என்னும் புதிய முறைக்கு மாற்றுதல் மொழிபெயர்த்தல். இறுதி வகைக்கென 2017இல் விண்டோஸ் 10 தனியொரு கருவியையே தந்தது. நால்வகையுள் பெரிதும் இடறச் செய்வது மொழிபெயர்ப்பே என்பது ஏட்டுத் துறையினருக்கும் உடன்பாடாகும்.

3. பிறர் கொள்கைகளும் மறுப்பும்

மலையின் உயரமே காரணம் என்பாரும் உளர். ஹார்டு டிஸ்க்கின் ஹெட், தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே காற்றில் மிதந்தபடி படிப்பதால், காற்று மெலிந்த உயரங்களில் அது இடர்ப்படும் என்பது மெய்யே. ஆயினும் தயாரிப்பாளர்கள் பொதுவாக வகுத்த எல்லை 3,048 மீட்டர், தொட்டபெட்டாவின் உச்சியோ 2,637 மீட்டர்தான். எஸ்.எஸ்.டி.க்கோ மிதப்பதற்கு எதுவுமே இல்லை. எனவே அக்கொள்கை பழைய டிஸ்க்குக்கும் பொருந்தாது, புதியதற்கும் பொருந்தாது.

ஆடிச் சாரலில் ஈரம் இறங்கிவிட்டது என்பாரும், பாதியில் கரண்ட் போனதால் குளோன் அரைகுறையாயிற்று என்பாரும் உளர். அதே எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. உறையிலிட்டு வேறொரு கணினியில் செருகினால், தேயிலை ஏலக் கணக்கு முதல் திருமண ஆல்பம் வரை அனைத்தும் குறைவின்றித் திறக்குமாயின், இவ்விரு கொள்கைகளும் நிலைபெறா. நகலில் குறையில்லை; குறை வேறிடத்தில் உளது.

4. காரணம்

எம்.பி.ஆர். என்னும் பழைய முறைக் கணினிகளில் அக்குறை டிஸ்க்கின் முதல் செக்டாரில் உளது. 512 பைட்டுகளே கொண்ட அச்சிறு பகுதியில், 446 பைட்டு எழுப்பும் நிரலுக்கும், 64 பைட்டு பிரிவு அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டு முத்திரைக்கும் உரியன. சி டிரைவை மட்டும் படியெடுத்து இதனை விட்டுவிட்டவர், வீட்டுப் பொருள் அனைத்தையும் ஏற்றிவிட்டுச் சாவியை மறந்தவர் ஆவார். 2011 செப்டம்பர் முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே வைக்கப்பட்டிருந்தமையால், அவ்வகை இயந்திரங்களில் எதனை எழுப்புவது எனக் கேட்கும் இடைநிரலையும் சேர்த்தே படியெடுக்க வேண்டியதாகிறது.

யூ.இ.எஃப்.ஐ. எனப்படும் புதிய முறையில் சிக்கல் நுட்பமானது. மதர்போர்டு தன் நினைவில் இயங்குதளத்தின் பெயரோடு, அது குடியிருக்கும் பிரிவின் நீண்ட அடையாள எண்ணையும் குறித்துவைக்கிறது, பி.சி.டி. எனப்படும் விண்டோஸின் பூட் பதிவேடும் அத்தகைய எண்களையே நம்புகிறது. குளோன் எண்ணையும் படியெடுப்பதால் ஒரே எண்ணுடைய இரு டிஸ்க்குகள் ஒருசேர இருப்பின், விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் என ஒதுக்கிவைக்கும். அதனை ஆன்லைன் ஆக்குமாறு ஆர்வலர் ஆணையிட்டால், அதற்குப் புதிய எண்ணொன்றை எழுதிவிடும். அந்நொடியே பதிவேடு சுட்டும் டிஸ்க் உலகில் இல்லாததாகிவிடுகிறது. பயனாளரின் நல்லெண்ணமே கேட்டிற்குக் காரணமாவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மூன்றாவதாக, பழைய சாட்டா டிஸ்க்கிலிருந்து என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது, விண்டோஸ் எழத் தொடங்கி, உரிய டிரைவர் தொடக்கத்திலேயே ஏறாமையால் நீலத்திரையில் நின்றுவிடுவதும் உண்டு. ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பினால், அது அந்த டிரைவரை அறிந்துகொண்டு அடுத்த முறை இயல்பாக எழும். நீலகிரியில் நீலம் தோன்றுவது இயற்கையே எனக் கருதி இத்திரையைப் புறக்கணித்தல் தவறு.

5. முடிபு

குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிய பின்னரே புதியதை மட்டும் கொண்டு முதன்முறை எழுப்புதல் முதல் விதி. எழாவிடின், எஃப்2 முதலான விசையால் பயாஸ் அமைப்பினுள் நுழைந்து, பூட் வரிசையில் புதியதன் பெயர் உளதா என்றும், பழைய முறை, புதிய முறை என்னும் தேர்வு குளோனின் அட்டவணை முறையோடு ஒத்திருக்கிறதா என்றும் நோக்குதல் இரண்டாம் விதி. அதன்பின்னும் எழாவிடின், விண்டோஸ் நிறுவல் பென்டிரைவால் எழுப்பி, ஷிஃப்ட், எஃப்10 விசைகளை ஒருங்கழுத்தித் தோன்றும் கருஞ்சாளரத்தில் பி.சி.டி.பூட் ஆணையை இட்டுப் பதிவேட்டைப் புதிதாக எழுதுவித்தல் மூன்றாம் விதி.

நான்காம் விதி எதிர்மறையானது. நர்சரியில் வெட்டுத்துண்டு வேர்விடும் முன் தாய்ச்செடியைப் பிடுங்கும் மேஸ்திரி எந்த எஸ்டேட்டிலும் இல்லை; ஆனால் குளோன் ஒருமுறைகூட எழுவதற்கு முன்னரே பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து அண்டைவீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும் தாராள மனத்தினர் மாவட்டமெங்கும் உளர். அன்னார் பொருட்டு இவ்விதியைச் சர்வீஸ் கடைகளின் சுவரில், விலைப்பட்டியலுக்கு மேலாக, பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் நலம்.