பட்டியல் தருபவர்

பெங்களூரின் கோரமங்கலாவிலும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மிகுதியாகக் காணப்படும் புத்தொழில் பரிந்துரையாளர், கேள்வி எதுவாயினும் அதற்கு விடையாக ஒரு நூலின் பெயரையோ ஒரு வலையொலியின் இணைப்பையோ மட்டுமே தருபவர். அவருடைய கைபேசியில் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும் பட்டியலின் முதற்பகுதி துணிகர மூலதனம் பற்றியது. அதாவது, பிழைக்குமா பிழைக்காதா என்று தெரியாத இளம் நிறுவனங்களில் பங்குக்கு ஈடாகப் போடப்படும் பணம் பற்றியது. அடுத்த பகுதி தொழில் தொடங்குவது பற்றியது. கடைசிப் பகுதிக்குத் 'தனிப்பட்ட ஆர்வங்கள்' என்று பெயர்.

தெருமுனையில் இட்லி மாவுக் கடை வைக்க எண்ணும் பக்கத்து வீட்டுப் பெண்மணி, "தம்பி, கடைக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கேக்குறாங்க, குடுக்கலாமா?" என்று கேட்டால், கொடுக்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல அவருக்கு வாய் வராது. "அக்கா, நீங்க 'ஜீரோ டு ஒன்' கட்டாயம் படிக்கணும்" என்பார். பீட்டர் தியெல் 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்பின் குறிப்புகளிலிருந்து பிளேக் மாஸ்டர்ஸுடன் சேர்ந்து உருவாக்கி 2014இல் வெளியிட்ட அந்நூல், போட்டி இலாபத்தைத் தின்றுவிடுமாதலால் போட்டியாளரே இல்லாத தனியாதிக்கத்தை நாடவேண்டும் என்று வாதிடுவது. தெருவில் ஏற்கெனவே மூன்று மாவுக் கடைகள் இருப்பதை அப்பெண்மணி நினைவூட்டினால், எரிக் ரீஸ் 2011இல் எழுதிய 'த லீன் ஸ்டார்ட்அப்' நூலுக்குத் தாவுவார்; குறைந்த செலவில் ஒரு மாதிரிப் பொருளைச் செய்து வாடிக்கையாளரிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லும் நூல் அது. கொஞ்சம் மாவு அரைத்து நான்கு வீடுகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை அப்பெண்மணி போன மாதமே முடித்துவிட்டார் என்பதும், அந்த நான்கில் பரிந்துரையாளரின் வீடும் ஒன்று என்பதும் அவர் செவியில் ஏறுவதில்லை. அன்றிரவே அப்பெண்மணிக்கு 'அக்வயர்ட்' வலையொலியின் இணைப்பு வந்து சேரும். 2015இல் தொடங்கிய அந்நிகழ்ச்சி ஒரே நிறுவனத்தின் கதையை மூன்று, நான்கு மணி நேரம் விரித்துரைப்பது. அதை இரட்டை வேகத்தில் கேட்குமாறும் குறிப்பு எழுதியிருப்பார்.

தம் நூல்களை அவரே படித்திருக்கிறாரா என்று வினவுவது பண்பன்று. எனினும் அதற்கு அவரிடம் துணிகர மூலதனத் துறையிலிருந்து எடுத்த ஒரு கோட்பாடு உண்டு. ஜார்ஜ் டோரியோ 1946இல் தொடங்குவதில் பங்கேற்று நடத்திய ஏ.ஆர்.டி. என்ற அமெரிக்க நிறுவனம், 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டு, ஏனைய முதலீடுகள் அனைத்தையும் விஞ்சும் வருவாயை அந்த ஒன்றிலிருந்தே பெற்றது. பத்தில் பல தோற்றாலும் ஒன்று அனைத்தையும் ஈடுகட்டும் என்ற இக்கணக்கை அத்துறையினர் 'பவர் லா' என்பர். செபாஸ்டியன் மல்லபி 2022இல் வெளியிட்ட நூலின் பெயரும் அதுவே. பரிந்துரையாளர் இவ்விதியின்படியே நூல்களையும் வாங்குகிறார். எந்த நூல் ஈடுகட்டப்போகிறது என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

தனிப்பட்ட ஆர்வங்களில் ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரீலியஸின் சிந்தனைக் குறிப்புகளும் விடியற்காலைக் குளிர்நீர்க் குளியலும் தவறாமல் இடம்பெறும். மே மாதச் சென்னையில் மாடித் தொட்டியிலிருந்து குளிர்நீர் வரும் வழியை மட்டும் எந்த வலையொலியும் சொல்லவில்லை. 1996இல் தொடங்கி, துணிகர மூலதனம் பெறாமலே வளர்ந்த சோஹோ என்னும் மென்பொருள் நிறுவனத்துக்கு, அதே சென்னையில் வாழும் அவருடைய பட்டியலில் இடமில்லை.

ஆயினும் நல்ல வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கும் இளைஞனை உற்றார் அனைவரும் பைத்தியக்காரன் என்று ஏசும் வேளையில், அவனைப் பார்த்துக் கண் மலர்பவர் இவர் ஒருவரே என்பதையும் சொல்லியாகவேண்டும்.

அந்த இளைஞனுக்குத்தான் அவர் மிகவும் தீங்கு செய்கிறார். முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கமாக எழுதித் தரும் 'டெர்ம் ஷீட்' என்ற தாளோடு அவன் வந்து நிற்கும்போது, நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர் தம் பணத்தை முதலில் எடுத்துக்கொண்ட பிறகே மற்றவர்க்குப் பங்கு என்னும் 'லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்' வரியை அவனுக்குச் சுட்டிக்காட்ட ஓர் ஆள் வேண்டும். இரண்டு பக்கத் தாளை உடனிருந்து படிக்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியைத் தராமல், பிராட் ஃபெல்டும் ஜேசன் மெண்டல்சனும் எழுதிய 'வென்ச்சர் டீல்ஸ்' நூலைப் பரிந்துரைத்துவிட்டு, உதவி செய்த நிறைவோடு அவர் உறங்கப் போகிறார். நூலின் பெயர் சொல்வது உதவியாகாது. அது உதவியிலிருந்து நழுவும் வழி.

பட்டியல் முழுவதிலும் உண்மையிலேயே பயன்படுவது அந்த ஒரு நூல்தான். கையெழுத்திடுவதற்கு முன் அதில் டெர்ம் ஷீட் பற்றிய அத்தியாயங்களைப் படித்து, தாளை ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுக. நூலைப் பரிந்துரையாளரிடமே இரவல் வாங்கலாம். மடிப்புக் கலையாமல், புத்தம் புதிதாகக் கிடைக்கும்.