அயல் இருக்கையியல்: புக்கிட் பாத்தோக் மரபு குறித்த ஒரு முன்னாய்வு

அயல் இருக்கையியல் என்பது, பழைய கார் ஒன்றின் தொல்லிருக்கையைப் பெயர்த்துவிட்டு வேறொரு காரின் பக்கெட் இருக்கையை அங்கே பூட்டும் கலை. சிங்கப்பூரில் இது தழைக்கச் சட்டமே வழிசெய்துள்ளது. 35 ஆண்டு நிறைந்த கார் கிளாசிக் வாகனத் திட்டத்தில் சேர்ந்தால், ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓடலாம். எஞ்சிய 320 நாளும் ஆராய்ச்சிக்கே.

களம்: புக்கிட் பாத்தோக் பட்டறைகள். அருகே மேல் புக்கிட் தீமா சாலையில் 1941இல் திறக்கப்பட்ட ஃபோர்டு ஆலைதான் தென்கிழக்காசியாவில் அந்நிறுவனத்தின் முதல் கார் பூட்டும் ஆலை. எனவே இக்கலை இம்மண்ணில் தோன்றியதே என்பது வெளிப்படை. இதைவிடக் குறைந்த சான்றுகொண்டு நாகரிகங்களையே நிறுவியோர் உளர்.

வகை: அயலிருக்கை மூவகைப்படும்.

தானே பொருந்துவன: இல்லை.

பொருந்தாதன: பக்கவாட்டில் காற்றுப்பை உள்ளவை. தொடாதிருத்தல் நலம்.

அறுத்தால் பொருந்துவன: 1959இல் பிறந்த மினிக்குள் 1989இல் பிறந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இருக்கை. மினியின் அகலம் ஏறக்குறைய 1.4 மீட்டர், ஒடுங்கிய இருக்கைக்கே இடமுண்டு. ஆனால் எம்எக்ஸ்-5 இருவருக்கான கார். பின்னால் ஏறுவார் இல்லாததால் அதன் இருக்கை முன்சாய்ந்து வழிவிடாது. சாயும் சட்டம் அமைக்காவிடில் மினியின் பின்னிருக்கை மாமியார் குடைக்கு மட்டுமே உரியதாகும்.

உயரச் சிக்கல்: இருக்கையைச் சொந்த ரெயிலோடு பூட்டினால் தலை கூரையை முட்டும். ரெயிலின் கால்களை அறுத்து இறக்க வேண்டும். எவ்வளவு என்பதில் மூன்று கொள்கைகள். மூன்றுக்கும் மூலம், பிரேக் ஷூ அட்டைப்பெட்டியின் உள்மடிப்பில் பென்சிலால் எழுதிய ஒரே நூற்பா: ‘1 இஞ்ச் எறக்கு’. எண்ணை அடுத்து ஒரு கிரீஸ் கறை. கறையின் கீழ் ‘அரை’ மறைந்துள்ளது என்ப நெட்டையர். கறை கறையே என்ப பட்டறையார். பின்வந்த உரைகாரர், கோப்பிக் கோப்பை பதித்த வட்டத்தைச் சுழியெனக் கொண்டு ‘10’ எனப் பாடங்கொண்டார். அவ்வண்ணம் இறக்கின் ஓட்டுநர் தார்ச்சாலையில் அமர்வார் என மறுப்புரை எழுந்தது. மறுப்புக்கு மறுப்பும், அதற்கொரு முன்னுரையும், முன்னுரையின் பிழைதிருத்தமும் தொடர்ந்தன. இரு தரப்பும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டியே முனைவர் ஆயின. டேப்பை எடுத்து அளந்தார் எவருமிலர், அது புறச்சான்று.

இருக்கை பொருந்தாதபோது காரை அறுப்பாரும் உளர். ஆய்வேடுகளில் தரவை அறுப்பது இதன் கிளைமரபு.

பூட்டும் முறை: மெல்லிய தரைத்தகட்டில் போல்ட்டை மட்டும் முடுக்கினால் மோதலில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அடியில் அகன்ற இரும்புத்தகடு வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். சீட் பெல்ட்டின் பழைய பிடிப்பிடங்களை நகர்த்தலாகாது. வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதி வேண்டாதவை, வேண்டுபவை, கூடாதவை என மூன்றாகப் பகுத்துள்ளது. தன் மாற்றம் எதிலடங்கும் என்பதைக் கிரைண்டரைத் தொடுமுன்பே அறிக.

இறுதிச் சோதனை: அமர்ந்தவர் கிளட்ச்சை முழுதும் மிதிக்க வேண்டும், தலை இடிக்கலாகாது, இருக்கை ஆடலாகாது. இம்மூன்றும் தேறாத இருக்கையில் எவரையும் அமர்த்தலாகாது. பல்கலைக்கழக இருக்கைகளுக்கும் இவ்விதி செல்லுமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.