ஒன்பதா, பதினொன்றா?

பழைய கிராமபோன் சேர்ப்பவன் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் கேட்பவர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். என் மனைவி மட்டும் காபி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். நான் சேர்த்த லட்சணம் அவளுக்குத் தெரியும்.

இருப்பது நியூ ஜெர்சியில். இந்தக் கிறுக்குக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. எடிசன் 1877இல் போனோகிராஃபை உருவாக்கிய மென்லோ பார்க், நம்மவர்கள் இட்லி அரிசி வாங்கப் போகிற எடிசன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. தெற்கே போனால் கேம்டன், விக்டர் கம்பெனி இருந்த ஊர். 1906இல் அவர்கள்தான் கிராமபோனின் பெரிய புனலை மடக்கி மரப்பெட்டிக்குள் ஒளித்து, முன்னால் கதவு போட்டு, விக்ட்ரோலா என்று பெயர் வைத்து விற்றார்கள். கதவைத் திறந்தால் சத்தம் கூடும், சாத்தினால் அடங்கும்.

இங்கே பெரியவர்கள், பெட்டிக்குள் புனல் இருந்தால் போதும், எல்லாவற்றையும் விக்ட்ரோலா என்றுதான் சொல்வார்கள், நாம் எல்லா நகலையும் ஜெராக்ஸ் என்பதுபோல. பாட்டி வீட்டு விக்ட்ரோலா என்று ஒருவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு முதல் பெட்டியை வாங்கினேன். கதவு இருக்கவேண்டிய இடத்தில் மரச்சட்டங்கள் வரிசையாகத் திரும்பின. அபூர்வ மாடல் கையில் சிக்கியது என்று பூரித்து நண்பரை அழைத்துக் காட்டினேன். அவர் மூடியைத் தூக்கினார். உட்பக்கம் பொன்னெழுத்தில் ‘கொலம்பியா கிராஃபொனோலா’ என்று எழுதியிருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் கதவுக்குப் பதில் சட்டம் வைப்பது கொலம்பியாவின் வழக்கமாம். “மூடியத் தொறந்தே பாக்கலியா சார்?” என்றார். பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உஷாராகிவிட்டேன். விக்டர் பெட்டியில் தகடு இருக்கும், அதில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து மாடல் எண்கள் ரோமன் எழுத்தில் வரும். பதினொன்று என்றால் தரையில் நிற்கும் பெரிய பெட்டி. ஒரு வீட்டில் அது விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தகட்டில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். விற்பவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பதினொன்றேதான் என்று முடிவுகட்டி, வேனை வாடகைக்கு எடுத்து, தூக்கிவிட ஒரு நண்பரின் ஞாயிற்றுக்கிழமையையும் பாழாக்கிக்கொண்டு போனேன். மேஜைமேல் ஒரு குட்டிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஒன்பது. ‘ஐ’ முன்னால் வந்தால் ஒன்பது, பின்னால் வந்தால் பதினொன்று என்று பிரம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நினைவுக்கு வந்தார். பெட்டி நண்பரின் மடியில் பயணம் செய்தது. பின்னால் வேன் காலியாக வந்தது.

மூன்றாவது மகோகனி. அதன் அழகைப் பற்றி இப்போதும் குறை சொல்லமாட்டேன். மூடிக்கு சாவி தொலைந்துவிட்டது என்றார்கள், சரி என்றேன். தூக்கினால் லேசாக வந்தது, முதுகு தப்பியது என்று சந்தோஷப்பட்டேன். மோட்டார் இல்லாத பெட்டி லேசாகத்தானே இருக்கும்! வீட்டில் பூட்டை நெம்பித் திறந்தால், தட்டு சுழலவேண்டிய இடத்தில் மதுக் கோப்பைகளை மாட்டும் சட்டம். ரேடியோ வந்தபிறகு இப்படிக் குடலை உருவிவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. இப்போது அதில் அப்பளக் கட்டும் வடகமும் இருக்கின்றன. வீட்டில் உருப்படியாகப் பயன்படுகிற ஒரே பெட்டி அதுதான் என்கிறாள் மனைவி.

தட்டுகளிடமும் என் கைவரிசையைக் காட்டாமல் விடவில்லை. எடிசனின் டைமண்ட் டிஸ்க் கால் அங்குலத் தடிமன். அதில் ஊசி மேலும் கீழும் போகும், விக்டர் தட்டில் பக்கவாட்டில் போகும். ஒன்றின் தட்டை மற்றதில் போடக்கூடாது. போட்டேன். எஃகு ஊசி எடிசன் தட்டைச் சுரண்டியதில் பாட்டு வரவில்லை, வெள்ளைக் கீறல்தான் வந்தது. சரி, மிச்சத்தையாவது துடைத்து வைப்போம் என்று இறங்கினேன். எடிசன் தட்டின் நடுவில் மரத்தூள் இருக்கிறது, தண்ணீர் பட்டால் ஊறும், அதை ஸ்பிரிட்டில் துடைக்கவேண்டும். விக்டர் தட்டு அரக்கு, அது ஸ்பிரிட்டில் கரையும், அதற்குத் தண்ணீர்தான். நான் அப்படியே தலைகீழாகச் செய்தேன். பஞ்சு கருப்பாக வந்தபோது, அடேயப்பா, எவ்வளவு அழுக்கு என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டு. அந்தக் காலத்தில் உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் போனது. பூச்சி பாடுபட்டுச் சுரந்ததைப் பஞ்சில் ஒற்றி எடுத்துவிட்டேன்.

நியூ ஜெர்சிப் பக்கம் இருக்கிற வாசகர் யாருக்காவது அந்தக் கொலம்பியா வேண்டுமா? காசு வேண்டாம். சாவி கொடுத்தால் இன்றைக்கும் கணீரென்று பாடுகிறது. இறக்கிக்கொண்டு போக இரண்டு ஆளோடு வாருங்கள், என்னை அந்த இரண்டில் சேர்க்காதீர்கள். வந்ததும் மூடியைத் திறந்து பெயரைப் படித்துவிடுங்கள்.