ஓடிபி தபாலில் வரும் ஊரிலிருந்து

ஸ்டுட்கார்ட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டி வலி தேவலையா? மாடிப்படி ஏறாமல் இருக்கிறார்களா, இல்லை வடகம் காயப்போடுகிற சாக்கில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்களா?

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பாதியை ஏதோ ஒரு புல்லட்டின் ஐட்லிங் தின்றுவிட்டது. கேட்டவரைக்கும் கேள்விகள் இவைதான்: “அங்க எல்லாரும் இருநூறுல போறாங்களாமே? எல்லாமே கம்ப்யூட்டராமே? வண்டி ரிப்பேர்னா லேப்டாப்பச் சொருகிட்டு பில்லு போடுவானாமே? நீயும் அந்த வேலையத்தானப்பா பாக்குற?”

கடைசியில் இருப்பது கேள்வி இல்லை, குற்றப்பத்திரிகை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து கார்புரேட்டரைக் கொண்டுபோனதிலிருந்து உங்களுக்கு இருக்கிற வருத்தம் எனக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே டேப்பெட் லூஸ் என்று சொல்லும் காதுக்கு இன்ஜின் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. அந்த இன்ஜினுக்குள் உட்கார்ந்திருக்கும் மென்பொருளை எழுதுகிற கூட்டத்தில் உங்கள் அண்ணன் மகனும் ஒருவன். ஆகவே இந்தக் கடிதத்தைப் பிரதிவாதியின் வாக்குமூலமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நல்ல சேதி. முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் பிறந்தது இந்த ஊரில்தான். கான்ஸ்டாட் என்ற பகுதியில், ஒரு வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தைப் பட்டறையாக்கிக்கொண்டு, கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885-இல் செய்தார்கள். மரச்சட்டம். அரைக் குதிரைசக்தி. மணிக்கு 12 கிலோமீட்டர்; நம் தெரு நாய் துரத்தினால் நாய்தான் ஜெயிக்கும். விழாமலிருக்க இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வேறு. பூட்டிய பட்டறைக்குள் எந்நேரமும் தட்டுகிற சத்தம் கேட்ட தோட்டக்காரர், கள்ளக்காசு அடிக்கிறார்கள் என்று போலீசில் சொல்லிவிட்டாராம். வந்து பார்த்தால் இன்ஜின் சாமான். அந்த நவம்பரில் டைம்லரின் மகன் பக்கத்து ஊர்வரை ஓட்டிக் காட்டியபோது, அடியிலிருந்த இக்னிஷன் குழாயின் சூட்டில் சீட் தீப்பிடித்தது என்று கதை. முதல் வண்டி, முதல் சவாரி, முதல் கம்ப்ளைன்ட். மெக்கானிக் தொழிலுக்கு அன்றே கொடி ஏறிவிட்டது சித்தப்பா. “மைக்கோ ப்ளக்கப் போடு, அப்புறம் பேசு” என்பீர்களே, அந்த மைக்கோவுக்குத் தாய்க் கம்பெனியான பாஷ் 1886-இல் தொடங்கியதும் இதே ஊரில்தான். எனவே நான் இருப்பது உங்கள் எதிரி வீட்டில் இல்லை, குலதெய்வக் கோயிலில்.

ஆனால் சந்நிதிக்குள் நுழைவது லேசில்லை. நம் லைசென்ஸ் இங்கே குடிவந்தபின் ஆறு மாதம்வரைதான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் இங்கேயே தேற வேண்டும். ஜெர்மன் தவிர இன்னும் 12 மொழிகளில் எழுதலாம். அதில் தமிழ் இல்லை, அரபி இருக்கிறது, துருக்கி இருக்கிறது. இதற்கெல்லாம் கட்டிய காசுக்கு நம் ஊரில் ஓட்டத்தில் இருக்கிற பழைய புல்லட் ஒன்றை வாங்கிவிடலாம்.

ஓட்டும் தேர்வன்று ஆசிரியரும் அதிகாரியும் பின்னால் காரில் வருவார்கள். என் ஹெல்மெட்டுக்குள் ஒரு ஒலிபெருக்கி. “அடுத்த சந்தில் இடது” என்று அசரீரி கேட்கும். 50-இல் வந்து அவசர பிரேக் அடிக்க வேண்டும். 50-இல் வந்து தடையை விலகிப் போக வேண்டும். நடக்கிற வேகத்தில் கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் மதுரை விளக்குத்தூணில் வண்டி ஓட்டியவனுக்கு இது ஒரு சோதனையா? சோதனை வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை திரும்பும் முன்பும் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான் பார்த்தால் மட்டும் போதாது. நான் பார்த்ததை அதிகாரி பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவருக்குத் தெரியட்டும் என்று கழுத்தை வஞ்சனையில்லாமல் திருப்பினேன். தேறிய கையோடு சித்தி கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்தது.

வண்டிக்கும் தேர்வு உண்டு. இரண்டு வருடத்துக்கொரு முறை பரிசோதனை, ட்யூஃப் என்பார்கள். தேறினால் நம்பர் பிளேட்டில் வட்டமாக ஒரு வில்லை ஒட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு நிறம், ஆறு நிறங்கள் சுழன்று வரும். போலீஸ்காரர் வண்டியை மறிக்கவே வேண்டாம், தூரத்திலிருந்து நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். சைலன்சரை மாற்றினால் அதற்கு அனுமதிச் சீட்டு. ஹேண்டில்பாரை மாற்றினால் அதற்கும் சீட்டு. சீட்டில்லாமல் மாற்றினால் அந்த வண்டி சாலையில் ஓடும் உரிமையையே இழந்துவிடும். சனிக்கிழமை நம் கடை வாசலில் நிற்கும் வண்டிகளில் ஒன்றுகூடத் தேறாது. கடையும் தேறாது.

சில பிளேட்டுகளின் ஓரத்தில் மேலும் கீழுமாக 03, 10 என்று இருக்கும். மார்ச்சிலிருந்து அக்டோபர்வரை மட்டுமே அந்த வண்டி ஓடலாம் என்று பொருள். மற்ற மாதங்களில் தெருவோரம் சும்மா நிறுத்திவைத்தாலும் குற்றம். அதற்குத் தக்கபடி வரியும் இன்ஷூரன்சும் ஓடும் மாதங்களுக்கு மட்டும்தான். வரிகூடப் பெரிதில்லை, 25 சிசிக்கு 1.84 யூரோ கணக்கு. என் 350-க்கு முழு வருடத்துக்கும் 25 யூரோ சொச்சம்தான்.

நான் வைத்திருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஜெர்மனிக்குப் போயும் என்ஃபீல்டா என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் இங்கே பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் பெரியவர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். வழக்கமாக இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசவே வானிலை சரியாக இருக்க வேண்டும். போன கோடையில் ஒருவர் தன் பிஎம்டபிள்யூ 310-ஐப் பக்கத்தில் நிறுத்தி, “இது ஜெர்மன், அது இங்கிலாந்து, அப்படித்தானே?” என்றார். ஐயா, உங்கள் வண்டி பிறந்தது எங்கள் ஓசூரில், டிவிஎஸ் ஆலையில். என் வண்டி பிறந்தது சென்னைக்குப் பக்கத்தில். என்ஃபீல்டை நாங்கள் 1955-லேயே சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றேன். அவர் தன் வண்டியைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். பிறகு என்னையும் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இருநூறு விஷயம். உண்மைதான், ஆட்டோபானில் பலவிடங்களில் வேக வரம்பு கிடையாது. 130 என்பது வெறும் சிபாரிசு. வரம்பு வைக்கலாமா என்று தேர்தலுக்குத் தேர்தல் சண்டை போட்டு, அப்படியே விட்டுவிடுவார்கள். நான் 80-இல் போகும் லாரிக்காரர்களோடுதான் சிநேகம். எனக்கு வியப்பு அந்த வேகத்தில் இல்லை. வலதுபக்கம் யாரும் முந்தமாட்டார்கள். நெரிசலில் வண்டிகள் நின்றுவிட்டால், யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி ஆம்புலன்சுக்கு நடுவில் பாதை விட்டு நிற்பார்கள், ஆம்புலன்ஸ் இன்னும் வரவே இல்லாவிட்டாலும். ஹாரன் அடித்தால் திட்டுவதாக அர்த்தம். நம் ஊரில் ஹாரன் என்றால் வர்றேன், வா, போ, ஒதுங்கு, சௌக்கியமா எல்லாம்தான்.

வண்டிச் சத்தத்துக்கும் இங்கே அரசியல் உண்டு. 2020-இல் மாநிலங்களின் அவை, மோட்டார் சைக்கிள் சத்தத்தைக் குறைக்கவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சில சாலைகளில் தடை போட வழிசெய்யவும் தீர்மானம் கொண்டுவந்தது. அந்த ஜூலையில் ஆயிரக்கணக்கானவர்கள் வண்டியோடு ஊர் ஊராகத் திரண்டு போராடினார்கள். சத்தத்தை எதிர்த்த தீர்மானத்தை எதிர்க்க எவ்வளவு சத்தம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கம்ப்யூட்டர். இதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். கொன்ராட் சூசெ என்பவர் 1941-லேயே பெர்லினில் நிரல்படி இயங்கும் கணிப்பொறியை ஓடவிட்ட நாடு இது. ஜெர்மனியின் முதல் இணைய மின்னஞ்சல் 1984 ஆகஸ்ட் 3-இல் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்திலிருக்கும் கார்ல்ஸ்ரூவுக்கு வந்து சேர்ந்தது. அப்பேர்ப்பட்ட நாட்டில், போன வருடம் ஒரு அலுவலகம் என்னிடம் ஒரு சான்றிதழை அனுப்பச் சொன்னது. மின்னஞ்சலில் அனுப்பட்டுமா என்றேன். பாதுகாப்பில்லை, ஃபேக்ஸ் பண்ணுங்கள் என்றார்கள். ஃபேக்ஸ் மிஷினை நான் கடைசியாகப் பார்த்தது டவுன்ஹால் ரோடு எஸ்டிடி பூத்தில். இன்னொரு வலைத்தளத்தில் கணக்குத் திறந்தேன். திறப்பதற்கான குறியீட்டைத் தபாலில் அனுப்பினார்கள். ஓடிபி வருகிறது சித்தப்பா, தபால்காரர் சைக்கிளில். டாக்டரின் மருந்துச் சீட்டே 2024 ஜனவரியில்தான் கட்டாயமாக மின்சீட்டானது. பணமும் அப்படித்தான், மத்திய வங்கியின் 2023 ஆய்வுப்படி, கடைகண்ணியில் நடக்கும் கொடுக்கல்வாங்கலில் 51 சதவீதம் ரொக்கம். உங்கள் கடைக்கு எதிரே டீக்கடையில் “பத்து ரூபாய் பெறப்பட்டது” என்று பேசும் பெட்டியைப் பற்றிச் சொன்னால் இங்கே புருவத்தை உயர்த்துகிறார்கள்.

ரயில் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் அது தாமதமே இல்லை என்று கணக்கு. அப்படி வைத்தும் 2024-இல் நேரத்துக்கு வந்த நெடுந்தூர ரயில்கள் 62.5 சதவீதம். எங்கள் ஊரில் பூமிக்கடியில் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய ஸ்டேஷனை 2019-இல் திறப்பதாகத்தான் வேலை தொடங்கியபோது சொல்லியிருந்தார்கள். அதே 2019-இல்தான் நம் மதுரைக்கு எய்ம்ஸ் அடிக்கல். இது பற்றி இரு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

இதையெல்லாம் சோம்பல், பழமை என்றுதான் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். தேர்தல் வந்தபோதுதான் வேறு மாதிரி யோசிக்க நேர்ந்தது. 2025 பிப்ரவரி 23-இல் நாடு முழுக்கக் காகிதத்தில், கையால் பெருக்கல் குறி போட்டு வாக்களித்தார்கள். 2005-இல் சில இடங்களில் மிஷின் வைத்துப் பார்த்தவர்கள்தாம். 2009-இல் கார்ல்ஸ்ரூவிலிருக்கும் அரசியல் சாசன நீதிமன்றம், அப்போது பயன்படுத்திய மிஷின்கள் செல்லாது என்றது. காரணம், ஓட்டு போடுவதிலிருந்து எண்ணுவதுவரை முக்கியமான கட்டங்களை, தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகனே சரிபார்க்க முடிய வேண்டும் என்பது. நம் ஊரில் பொத்தானை அமுக்கினால் கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டு தெரிவதும் இந்தக் கவலைக்குப் பிறந்த பிள்ளைதான். மே மாதம் நாடாளுமன்றத்தில் மெர்ஸ் என்பவர் பிரதமர் பதவிக்கு நின்றார். 316 வேண்டும், முதல் சுற்றில் கிடைத்தது 310. இங்கே இதற்குமுன் இப்படி ஆனதே இல்லை. நான் பழக்கதோஷத்தில் உறுப்பினர்களை எந்த ரிசார்ட்டில் அடைப்பார்கள் என்று காத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் மறுபடி வாக்கெடுத்து, பதவியேற்றும் முடித்துவிட்டார்கள். கூவத்தூருக்கு இணையான ஊர் இங்கே இல்லைபோலும்.

அந்த ஓட்டு மிஷின் தீர்ப்பைப் படித்தபோது உங்கள் கடைதான் ஞாபகம் வந்தது. பழைய பிஸ்டன் ரிங்கைக் கழற்றினால் தினத்தந்தியில் சுற்றி வாடிக்கையாளர் கையில் கொடுத்து, “பாருங்க, தேஞ்சிருக்கா இல்லையா” என்பீர்கள். ஓனர் முன்னால் இல்லாமல் இன்ஜினைப் பிரிக்கமாட்டீர்கள். நீங்கள் லேப்டாப்பின்மேல் கோபப்படுவதும் அது புதுசு என்பதால் இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது, பில் மட்டும் வருகிறது என்பதால்தான். கார்ல்ஸ்ரூவில் சிவப்பு அங்கி போட்ட நீதிபதிகள் சொன்னதைப் பழங்காநத்தத்தில் கிரீஸ் படிந்த லுங்கியோடு நீங்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஊர்க்காரர்கள் அதற்குக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நீங்கள் பிஸ்டன் ரிங்கை. ஃபேக்ஸுக்கு மட்டும் நான் இன்னமும் மன்னிப்பு தருவதாக இல்லை.

ஆகவே ஒரு யோசனை. உள்ளங்கை அளவில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறேன். பிஎஸ்-6 வண்டிகளில் அதைச் சொருக ஒரு வாய் இருக்கிறது. சொருகினால் பிழை எண் உங்கள் ஃபோனிலேயே தெரியும். எந்த எண் எதைச் சொல்கிறது என்று தமிழில் ஒரு பட்டியல் எழுதி, லேமினேட் போட்டுக் கொண்டுவருகிறேன். கடைச் சுவரில், போன வருடத்துக் காலண்டரை எடுத்துவிட்டு மாட்டுங்கள். வண்டிக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி, எண்ணை அவரையே படிக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டதென்றால் பழைய சென்சாரையும் தினத்தந்தியில் சுற்றிக் கொடுங்கள். ஊரில் அதைச் செய்யும் முதல் கடை நம்முடையதாக இருக்கட்டும்.

பொங்கலுக்கு வருகிறேன். சித்திக்கு என் நமஸ்காரம். கடைப் பையன்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்.

பி.கு: ஆட்டோபான் பத்தியைச் சித்திக்குப் படித்துக் காட்ட வேண்டாம். கேட்டால், இங்கே எல்லா வண்டிக்கும் இன்றும் 12 கிலோமீட்டர்தான், இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் உண்டு என்று சொல்லிவிடுங்கள்.