பெட்டிக்குக் காவல்

என் மச்சினன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் எனக்கும் ஒரு பதவி உண்டு. பாடகன் இல்லை, குளியலறையில்கூட நான் வாய் திறக்கக் கூடாதென்று வீட்டில் தடை. வாத்தியமும் தெரியாது. கல்யாணக் கச்சேரி முடிந்ததும் சாமான்களுக்குக் காவல் இருப்பவன் நான். சிபாரிசு என் மனைவியுடையது: “மாமாவுக்கு ஒரு இடத்துல உக்காந்தா எழுந்திருக்கவே தெரியாதுடா, கூட்டிக்கிட்டுப் போ.”

திருடன் கச்சேரி நடக்கும்போது வருவதில்லை. பத்து விரலும் கீபோர்டு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை எவன் தூக்குவான்? அவன் காத்திருப்பது கடைசிப் பந்திக்கு. “சாப்பிடாதவங்க வரலாம்” என்று குரல் வந்த மறுகணம் குழு மொத்தமும் சாப்பாட்டு ஹாலுக்குள் மறைந்துவிடும். மேடையில் மிச்சம் இருப்பது சில லட்சம் பெறுமான சாமானும் நானும். இதில் விலை போகாத உருப்படி எது என்று என் வீட்டில் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

பெரிய ஸ்பீக்கரை யாரும் தொடுவதில்லை. போவதெல்லாம் மைக், கிட்டார் பெடல், கேபிள், அடாப்டர். அடாப்டர் போனால் அடுத்த ஊரில் கீபோர்டு வெறும் பலகைதான். மைக்கில் வேறொரு சங்கடம். ஷூர் எஸ்எம் 58 என்ற மாடல் 1966-இல் வந்தது. இன்றைக்கும் ஏறக்குறைய அதே முகம், எந்தக் குழுவைப் பார்த்தாலும் அதே மைக். காணாமல் போனது நம்முடையதுதான் என்று எப்படிச் சொல்வது? அதனால் மச்சினன் எல்லாவற்றிலும் பச்சை டேப் சுற்றி, சீரியல் எண்ணை நோட்டில் எழுதி, போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறான். ஸ்டாண்டுகளைப் பாத்திரக் கடையில் கொடுத்துப் பெயர் வெட்டலாம் என்பது என் மனைவியின் யோசனை. வெட்டி வந்தது அவள் பெயர்.

டெம்போவின் பின்கதவு சுவரை ஒட்டி நிற்கும்படி நிறுத்துவது இன்னொரு நல்ல ஏற்பாடு. திருடனால் திறக்க முடியாது. டிரைவர் சாவியோடு பந்திக்குப் போய்விட்டால் நம்மாலும் முடியாது.

வண்டிக்குள் காவல் இல்லாவிட்டால் பெரிய ஆளுக்கும் கதி இதுதான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிட்டார், 1972-இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் நின்ற வேனிலிருந்து போயிற்று. யாரோ வீட்டுப் பரணில் கிடந்து அது திரும்பிய செய்தி 2024-இல்தான் வந்தது. பீட்டில்ஸ்காரராய் இருந்து என்ன பயன்? வேனுக்குள் உட்கார ஓர் அக்கா புருஷன் இல்லையே!

ஆனால் காவலில் ஒரு சிக்கல். கறுப்பு டீ-ஷர்ட் போட்டு, தோளில் கேபிளை மாட்டிக்கொண்டு, “தள்ளுங்க தள்ளுங்க” என்று பெட்டியோடு எவன் நடந்தாலும் மாப்பிள்ளையின் சித்தப்பாவே வழி விட்டு, கதவையும் பிடித்துக்கொள்வார். வேட்டியும் நரையுமாக ட்ரம்ஸ் பெட்டி மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்னிடம்தான் மண்டப மேனேஜர் வந்து, “நீங்க யாரு சார்? ரொம்ப நேரமா இங்கயே இருக்கீங்க?” என்று விசாரிக்கிறார். குழுக்காரர்கள் வந்து சாட்சி சொல்லும்வரை நான் சந்தேகத்துக்குரிய நபர். அவர்களோ இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே கல்யாண வீட்டாருக்கு ஒரு விண்ணப்பம். மேடையோரம் பெட்டி மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தால், சாப்பிட வாங்க என்று உபசரிக்காதீர்கள். அவர் எழுந்தால் மைக் போய்விடும். ஒரு தட்டில் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுங்கள். அப்பளம் நொறுங்காமல் இருக்கட்டும்.