கல்லடிப் பாலம் தாண்டியதும்

மட்டக்களப்பில் வேகம் பிடிபடுவது பெரும்பாலும் போக்குவரத்துப் பொலிசாரின் கையிலுள்ள வேகமானியில். 2013இல் திறந்த கல்லடிப் புதுப்பாலம் வாவிக்கு மேலே நேராகக் கிடப்பதால் கால் தானாகவே அழுத்தும். காத்தான்குடி நடுவீதிப் பேரீச்ச மரங்களைக் கண்ட பிறகே, ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 40 என்பது நினைவு வரும். எதிரே வருவோர் முன்விளக்கை மினுக்கி எச்சரிப்பர். இன, மத, கட்சி பேதமின்றி இந்நாட்டில் நடக்கும் பொதுச்சேவை இது ஒன்றே.

அதையும் மீறி அகப்பட்டவர் முதலில் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியை உண்டாக்குவார். பிறகு பொலிசில் ஒரு மச்சானை. இரண்டையும் வேகமானி அளப்பதில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் பொலிசிடம் போக, தண்டப்பத்திரம் கைக்கு வரும். 14 நாளைக்கு அதுவே தற்காலிக அனுமதிப்பத்திரம். குற்றச்சாட்டே குற்றவாளிக்கு வழித்துணை. தபாற்கந்தோரில் பணம் கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையம் போனால் பத்திரம் மீளும். கொழும்பிலிருந்து வந்தவருக்கு வாவியை இன்னொருமுறை பார்க்க அரசாங்கம் தரும் வாய்ப்பு இது. 14 நாள் கடந்தால் தண்டம் இரட்டிப்பு. 28 கடந்தால் நீதிமன்றம்.

2025 முதல் கைபேசியிலேயே கட்டும் கவ்பே முறை படிப்படியாக வருகிறது. வரிசையில் நிற்கும் மற்ற வேகக்காரரோடு பொலிசைத் திட்டி ஆறுதல் பெறும் வசதி மட்டும் அதில் இல்லை.