ஸ்டேஜ் டூ அண்ணன்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் தெருவுக்கு ஒருவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றியத்துக்கு ஒருவர் தேறுவார். கண்டுபிடிப்பது சுலபம். சொந்தமாகக் கார் வைத்திருப்பார், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருவார். கார் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “கியர் பாக்ஸ் இறக்கிக் கெடக்குண்ணே” என்று தொடங்கினால் டீ ஆறும், வடை தீரும், கடைக்காரர் பெஞ்சை எடுத்து உள்ளே வைப்பார். கியர் பாக்ஸ் மட்டும் மேலே ஏறாது. இளவட்டங்கள் இவரை ‘ஸ்டேஜ் டூ அண்ணன்’ என்று அழைக்கிறார்கள்.

முதல் ஸ்டேஜ் என்பது இன்ஜினின் கணினிக்குள் இருக்கும் கணக்கை மாற்றி எழுதுவது. இரண்டாவதில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் மாறும். மூன்றாவது ஸ்டேஜ் என்னவென்று அண்ணனுக்கே நிச்சயமில்லை. நகையை அடகு வைப்பதாக இருக்கலாம் என்று அண்ணி நினைக்கிறார்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் இரண்டு கதவோடு தரையை ஒட்டிப் படுத்திருக்கும் சிவப்பு வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படியொன்று எங்கள் பக்கம் வந்தால் முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் ஸ்விஃப்ட். அதற்குள் ஃபியட்காரர்கள் வடிவமைத்த 1248 சிசி இன்ஜின்: 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதே இன்ஜின்தான் டிசையரிலும் ரிட்ஸிலும் ஓடியது, டாடாவின் விஸ்டாவிலும் ஓடியது. அதாவது புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே வாடகைக்கு நிற்கும் டிசையருக்கும் அண்ணன் வண்டிக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான். இதை அவரிடம் சொன்னால் முகம் தொங்கிப்போகும். “அது ஸ்டாக்குண்ணே. நம்மளது வேற.” 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதிலிருந்து அண்ணன் தன் வண்டியைப் பழைய வண்டி என்று சொல்வதில்லை, “இனிமே கிடைக்காத வண்டி” என்கிறார்.

கோயம்புத்தூரிலிருந்து லேப்டாப்போடு வந்த ஒரு தம்பி, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, அரை நாளில் 190-ஐ 240 ஆக்கிவிட்டுப் போனார். காகிதத்தில் படம் போட்டும் கொடுத்தார். மலையேறி இறங்கும் அந்தக் கோட்டுப் படத்தை அண்ணன் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். பிள்ளையின் மார்க் ஷீட்டுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

புதுப் பலத்தை எங்கே காட்டுவது? பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில்தான். அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரியலூர் மண் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அரசு சிமெண்ட் ஆலையும் தனியார் ஆலைகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அது கடல். கல்லங்குறிச்சிப் பக்கம் பாறைக்குள் இன்றும் சிப்பி சிப்பியாகத் தெரியும். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பிகள். அந்தச் சிப்பிகளும் நத்தைகளும்தான் கல்லாகி, சிமெண்டாகி, லாரி ஏறி இன்று அண்ணனுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கின்றன. உயிரோடிருந்த காலத்திலேயே அவை அவசரப்பட்டதில்லை. இப்போது மட்டும் எதற்கு அவசரப்பட வேண்டும்?

அப்படியொரு லாரியை முந்த, ஐந்தாவது கியரில் 2000 ஆர்பிஎம்மில் வைத்து அண்ணன் ஒரு மிதி மிதித்தார். முள் விருட்டென்று மூவாயிரத்துக்கு ஏறியது. வண்டி ஏறவில்லை. இன்ஜின் கத்துகிறது, வேகம் அப்படியே நிற்கிறது, உள்ளே கருகல் வாடை. எதிரே பஸ் வரவும் மறுபடி லாரிக்குப் பின்னால் ஒடுங்கினார். கிளட்ச் ஸ்லிப்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் நசுங்கி நிற்கிறது. எவ்வளவு பலமாக நசுக்குகிறோம், பிளேட்டின் ஆரம் எவ்வளவு, மேலே ஒட்டியிருக்கும் பொருளின் உராய்வு எவ்வளவு என்ற மூன்றைப் பொறுத்துத்தான் அது எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது. 190-க்கு மேல் கொஞ்சம் கையிருப்பு வைத்துக் கம்பெனி செய்த பிளேட் அது. 240-ஐக் கொடுத்தால் வழுக்கத்தான் செய்யும். அதுவும் டர்போ டீசலின் முழு முறுக்கும் அடி ஆர்பிஎம்மிலேயே வந்து குதிப்பதால், பெரிய கியரில் மிதிக்கும்போதுதான் முதலில் மானம் போகும்.

துறைமங்கலம் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அப்போதே சொன்னார். “தம்பி, முதல்ல தேய வேண்டியது பிளேட்டுதான். அது தேஞ்சா அதோட போச்சு. அதைக் கெட்டியாக்கிட்டீங்கன்னா அடுத்து எது போவும்னு கியர் பாக்ஸ்தான் வந்து சொல்லும்.” அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சை வாங்கிக்கொள்ளவில்லை.

பெங்களூருவிலிருந்து பெட்டி வந்தது: அழுத்தம் கூட்டிய பிரஷர் பிளேட், செராமிக் துண்டுகள் பதித்த கிளட்ச் பிளேட். செராமிக் சூட்டுக்கு அஞ்சாது, உராய்வு அதிகம். ஆனால் அதற்கு நடுநிலை கிடையாது. ஒன்று பிடிக்காது, அல்லது கப்பென்று பிடிக்கும். ஹாஃப் கிளட்ச் போட்டு நைசாக நகர்த்துவது என்ற கலையே அதன் அகராதியில் இல்லை. பெரம்பலூர் பாலக்கரையில் சிக்னல் விழுந்ததும் அண்ணன் கிளம்பிய அழகைப் பார்த்தவர்கள், வண்டிக்குள் யாருக்கோ வலிப்பு என்று நினைத்தார்கள். பின்சீட்டில் இருந்த அம்மா அன்றோடு பஸ்ஸுக்கு மாறினார்.

சேர்ப்பதும் பிரிப்பதும் எங்கள் மாவட்டங்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். கோட்டையில் யாரோ கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் குலுங்கிப் பழகியவர்கள் நாங்கள். ஆனாலும் அண்ணன் வண்டிக் குலுக்கல் தனி ரகம்.

பெடலும் கனத்துவிட்டது. பிரஷர் பிளேட்டின் அழுத்தம் கூடினால் அதை விலக்க வேண்டிய பாரமும் கூடத்தானே செய்யும்? அண்ணனின் இடது தொடை வலது தொடையைவிடப் பருத்திருப்பதாக நண்பர்கள் கேலி செய்கிறார்கள். முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அண்ணி கேட்டாராம்: “ஏங்க, இவ்ளோ செலவு பண்ணி வண்டியை நீங்க தள்ளிக்கிட்டுப் போறீங்களா, வண்டி உங்களைத் தள்ளிக்கிட்டுப் போவுதா?”

அதற்குள் லேத் பட்டறையில் ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்தாகிவிட்டது. எடை குறைந்தால் இன்ஜின் சட்டென்று சுற்றும், உண்மை. நின்று கிளம்பும்போது கைகொடுக்கச் சேமித்து வைத்த சுழற்சியும் குறையும், அதுவும் உண்மை. ஆகவே வேகத்தடைக்கு வேகத்தடை வண்டி அணைந்தது. எங்கள் பக்கத்து வேகத்தடைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் விபரீதம் புரியும். ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில், சில இடங்களில் காரணமே இல்லாமல் ஒன்று. பிறகு இன்ஜின் மவுன்ட் போயிற்று, அதை மாற்றினார். ஆக்சில் கடகடத்தது. டயர் பற்றவில்லை என்று சந்தேகம் வந்தது. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப் தொழிற்சாலை டயர் டயராக உருட்டித் தள்ளிக்கொண்டிருக்க, அண்ணன் டயருக்கு ஆள்விட்டது சென்னைக்கு. உள்ளூர்ச் சரக்கு வேகம் தராது என்பது அவர் கட்சி. அந்த எம்.ஆர்.எஃப்தான் பந்தயக் கார்களுக்கும் டயர் செய்கிறது என்று சொன்னால், “அது வேற கம்பவுண்டுண்ணே” என்பார். எதைச் சொன்னாலும் அது வேறதான்.

அப்பா விவசாயி. அவருக்குக் காரைப் பற்றி இருப்பது ஒரே கேள்வி: “மூட்டை ஏத்தலாமா?” ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தியதிலிருந்து சின்ன வெங்காயத்தில் ஒரு மூட்டைகூட ஏற்ற முடியவில்லை. மக்காச்சோளம் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் சோளம் காயும்; தாழ்ந்த வண்டி அதன் ஓரத்தில் போனால் பம்பர் கால் மரக்காலாவது அள்ளிக்கொண்டு வந்துவிடும். மகன் ஒருநாள் ஜெர்மன் கார்களின் இரட்டைக் கிளட்சைப் பற்றி, ஒன்று விடும்போதே மற்றொன்று பிடித்துக்கொள்ளும் அதிசயத்தைப் பற்றி, கண்கள் பனிக்க விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா வெற்றிலையை ஓரம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: “நம்ம டிராக்டர்லயே டபுள் கிளட்சுதான்டா.”

உண்மையில் டிராக்டரின் இரண்டாவது கிளட்ச் பின்னாலிருக்கும் கருவிகளை ஓட்டுவதற்கு. இரண்டும் வேறு வேறு. ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

ஒவ்வொரு புதுச் சாமான் மாட்டியதும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வண்டியைக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் ஏற்ற வேண்டும் என்பது வழக்கம். சிறுவாச்சூரில் வழக்கமாக நடை திறப்பது திங்களும் வெள்ளியும் மட்டும். அண்ணன் வண்டி ஓடும் நிலையில் இருப்பதோ செவ்வாயும் வியாழனும்.

அவருக்கென்று குலதெய்வங்கள் உண்டு. கரிவரதன் பெயரைச் சொன்னால் எழுந்து நின்றுவிடுவார். மாருதி 800-ன் சின்ன இன்ஜினை வைத்தே பந்தயக் கார் கட்டிய கோவைக்காரர் அவர். செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான். “எண்ணூறு சிசியில அவரு பந்தயக் காரே செஞ்சாருண்ணே!” என்பார் அண்ணன். செய்தார்தான். ஆனால் அந்தக் கார்களில் பின்சீட்டு இல்லை, ஏசி இல்லை, மாமியார் இல்லை. எடையைக் குறைத்து வேகம் வாங்கினார்கள். இங்கே வேகத்துக்காகச் சாமான் மேல் சாமான் ஏற்றியதில் வண்டி கனத்துப்போயிருக்கிறது.

சட்டம் வேறு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் அண்ணன் நடமாடும் கருவூலம். சோதனைக்கு நிறுத்தினால் சைலன்சர் சத்தத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். “ஓட்டை விழுந்துருச்சு சார், நாளைக்கு மாத்திடுறேன்” என்பார் பரிதாபமாக. சொந்த வண்டியைக் குறைத்துச் சொல்ல அவர் சம்மதிக்கும் ஒரே சந்தர்ப்பம் அது.

இவ்வளவு சொன்னாலும் எனக்கு அவரைப் பிடிக்கும். முப்பது லட்சத்துக்கு வண்டி வாங்கி, சீட் உறையைக்கூடப் பிரிக்காமல், பானெட்டைத் திறக்கும் லீவர் எங்கிருக்கிறது என்று டிரைவரிடம் கேட்பவர்களும் இங்கே உண்டு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே ரிலீஸ் பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். அடுத்தவர் வண்டி நடுரோட்டில் நின்றால் எக்ஸ்எல்லில் ஸ்பேனரோடு முதலில் வந்து நிற்பவரும் அவரே. எக்ஸ்எல்லில் மட்டும் அவர் கை வைத்ததில்லை. அது ஸ்டாக். அதனால் ஓடுகிறது.

கடைசியில் பெண்ணின் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டி, வண்டியை விற்பதென்று முடிவாயிற்று. ரீமேப்பை அழித்துப் பழைய கணக்கை ஏற்றினார். பழைய சைலன்சர் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. பழைய ஸ்பிரிங், பழைய ஏர் ஃபில்டர், எல்லாம் மீண்டன. கிளட்சை மட்டும் விட்டுவிட்டார். மறுபடி கியர் பாக்ஸை இறக்கக் கூலி யார் கொடுப்பது? வெளியே தெரியாத சாமான்தானே? “சிங்கிள் ஓனர் மாதிரி, குடும்ப உபயோகம் மட்டும், சத்தியமா ஸ்டாக்” என்று சொல்லி வைத்தார்.

ஜெயங்கொண்டத்திலிருந்து ஓர் இளைஞன் தன் அப்பாவோடு வந்தான். அப்பா பெயிண்டைத் தட்டினார், டயரை உதைத்தார், மைலேஜ் கேட்டார், டிக்கியில் எத்தனை மூட்டை ஏறும் என்று அளந்தார். பையன் ஒன்றும் பேசாமல் உள்ளே ஏறி உட்கார்ந்தான். சாவி போட்டான். கிளட்சை மிதித்தான். பாதி வழியில் கால் நின்றது. மறுபடி அழுத்தி மிதித்தான். மெதுவாகத் தலையைத் தூக்கி, அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டான்:

“எத்தனை நியூட்டன் மீட்டர்ணே வச்சிருந்தீங்க?”